பகலில் டிகிரி, விடியலில் பியானோ: பாளையங்கோட்டையில் இருந்தபடி ஓர் இரட்டைப் படிப்பு எப்படி?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும், பியானோ வாசிக்கிற பிள்ளை உள்ள வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பும். முழுசாகப் பியானோவா, ஒழுங்காக ஒரு டிகிரியா? "ரெண்டையும் சேர்த்துப் படிச்சா என்ன?" என்று பிள்ளை கேட்கும். "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் வைக்காத" என்று வீட்டில் பதில் வரும்.

அந்த 'ரெண்டும்' என்கிற ஏற்பாட்டைத்தான் இங்கே எடைபோடுகிறோம். பகலில் பாளையங்கோட்டை, திருநெல்வேலிக் கல்லூரி ஒன்றில் மூன்று வருடப் பட்டம். கூடவே டிரினிட்டி காலேஜ் லண்டன், ஏ.பி.ஆர்.எஸ்.எம். என்ற இரண்டு இங்கிலாந்துத் தேர்வு வாரியங்களில் ஒன்றின் மூலம் பியானோ நிகழ்த்துகைக்கான டிப்ளமோ. இரண்டும் மூன்று வருடத்துக்குள்.

இந்த வாரியங்களின் தேர்வு ஒன்றாம் கிரேடில் தொடங்கி எட்டாம் கிரேடு வரை ஏறும், டிப்ளமோ அதற்கும் மேல். எங்கள் மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடலாம். எட்டாம் கிரேடு முடித்துவிட்டுக் கல்லூரிக்குள் போகிறவருக்கு ஐந்துக்கு நான்கு. ஆறாம், ஏழாம் கிரேடில் நிற்பவருக்கு மூன்று. ஐந்தாம் கிரேடோடு போய், மூன்று வருடத்தில் டிப்ளமோவரை ஏறிவிடலாம் என்று நினைப்பவருக்கு ஒன்றரைதான். பணமோ திறமையோ காரணம் இல்லை. எட்டாம் கிரேடை எட்டும் வரை ஸ்கேல் (சுர வரிசை), சைட் ரீடிங் (புதிய தாளைப் பார்த்து உடனே வாசிப்பது), தியரி என்று சில்லறை வேலைகள் தினமும் நேரத்தைத் தின்னும். டிப்ளமோவுக்கு வேண்டியது நீண்ட, கலையாத பயிற்சி நேரம். இந்த இரண்டையும் செமஸ்டரோடு சேர்த்துச் சுமக்க முடியாது.

வெளிநாட்டில் இதற்கு என்ன அளவு என்று தெரிந்தால் நம் ஏற்பாட்டின் ஓட்டை எங்கே என்பதும் தெரியும். அமெரிக்காவில் ஓபர்லின், லாரன்ஸ், நார்த்வெஸ்டர்ன் போன்ற இடங்களில் பி.மியூஸ். என்ற இசைப் பட்டத்தையும் இன்னொரு துறைப் பட்டத்தையும் சேர்த்து ஐந்து வருடத்தில் முடிக்கும் வழி இருக்கிறது. பார்ட் கல்லூரியின் கன்சர்வேட்டரி (இசைக் கல்லூரி) 2005-ல் தொடங்கியபோதே, இசை மாணவர் இசையல்லாத இன்னொரு துறையிலும் பட்டம் படிக்க வேண்டும் என்று வைத்தது. அங்கே பி.மியூஸ். என்றால் பாடத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இசை, பி.ஏ. இசை என்றால் மூன்றில் ஒரு பங்கைச் சுற்றி. விண்ணப்பமும் பெரும்பாலும் இரண்டு பக்கம் போகும். கன்சர்வேட்டரி ஆடிஷனைப் பார்க்கும், கல்லூரி மார்க்கைப் பார்க்கும், ஒன்று எடுத்து மற்றது தள்ளுவதும் உண்டு. ஐந்து வருடம் எதற்கு என்றால், தனி வாசிப்பு மட்டும் அங்கே படிப்பு இல்லை. பாடகருக்கும் வயலினுக்கும் பக்கவாசிப்பு, நாலைந்து பேர் சேர்ந்து வாசிக்கும் சேம்பர் குழு, வாரா வாரம் சக மாணவர் முன்னால் வாசிக்கும் வகுப்பு, இசை வரலாறு, ஹார்மனி எல்லாம் சேர்ந்ததுதான். நம் ஊர் ஏற்பாட்டில் இந்த நடுப்பகுதி முழுக்கக் காணாமல் போகிறது. டிப்ளமோ தேர்வு தனி வாசிப்பை மட்டும் அளக்கிறது. ஒரு மதிப்பெண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு குறைத்தது இதற்காகத்தான்.

யூ.ஜி.சி. விதி உதவுமா?

2022 ஏப்ரலில் ஒரே நேரத்தில் இரண்டு படிப்பு படிக்கலாம் என்று யூ.ஜி.சி. வழிகாட்டுதல் வந்தது. இரண்டும் நேரடி வகுப்பு என்றால் நேரம் மோதக் கூடாது. ஒன்று நேரடி, மற்றது தொலைநிலை அல்லது ஆன்லைன் என்றும் இருக்கலாம். இரண்டுமே தொலைநிலை என்றாலும் சரி. பிஎச்.டி.க்குப் பொருந்தாது. படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் மோதாமல் சேர்த்துப் படிக்கப் பியானோ மேஜர் பக்கத்தில் எங்கே இருக்கிறது? மாவட்ட அரசு இசைப்பள்ளியில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் உண்டு, பியானோ கிடையாது. அப்படியே இரண்டு நேரடிப் படிப்பு அமைந்தாலும் கையில் இருக்கிற டி.சி. ஒன்றுதான். அதை முதல் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளும். இரண்டாவது கல்லூரியின் அலுவலகமும் ஒரிஜினலைத்தான் கேட்கும்.

வாரியத் தேர்வில் இந்தத் தொல்லை இல்லை. அது யூ.ஜி.சி. கணக்கில் வரும் படிப்பே அல்ல. கல்லூரியிடம் அனுமதி கேட்க வேண்டாம், டி.சி. வேண்டாம். அதே காரணத்தால் அது பட்டமும் அல்ல. டிரினிட்டியின் முதல் டிப்ளமோ ஏ.டி.சி.எல். இங்கிலாந்தின் தகுதிப் படிநிலையில் நான்காவது, அடுத்த எல்.டி.சி.எல். ஆறாவது, அதாவது அங்கே இளநிலைப் பட்டத்தை முடிக்கிறவரின் நிலை. இருந்தாலும் இங்கே வேலை விண்ணப்பத்தில் 'பட்டம்' என்ற கட்டத்தில் அதை எழுதிப் பயனில்லை. கட்டத்தை நிரப்பப் பி.காம். இருக்கிறது, இசை தெரியும் என்று காட்ட டிப்ளமோ இருக்கிறது. இப்படிப் பிரித்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

எந்த வாரியம்?

டிரினிட்டி கிரேடு தேர்வு 100 மதிப்பெண்ணுக்கு. 60 தேர்ச்சி, 75 மெரிட், 87 டிஸ்டிங்ஷன். மூன்று உருப்படிக்குத் தலா 22, ஸ்கேல் உள்ளிட்ட டெக்னிக்கல் வொர்க் 14, இரண்டு துணைத் தேர்வுக்குத் தலா 10. ஏ.பி.ஆர்.எஸ்.எம். நேரில் எடுக்கும் தேர்வு 150-க்கு. 100, 120, 130 என்று படிகள். உருப்படிக்குத் தலா 30, ஸ்கேல் 21, சைட் ரீடிங் 21, காதால் கேட்டுப் பதில் சொல்லும் ஆரல் 18. சதவீதமாக்கிப் பார்த்தால் ஸ்கேலுக்கு இரண்டிலும் 14 வருகிறது. சைட் ரீடிங்குக்கு டிரினிட்டியில் 10, அங்கே 14. தாளைப் பார்த்து உடனே வாசிப்பதில் தடுமாறுகிறவருக்கு இந்த நான்கு சதவீதம் மெரிட்டுக்கும் தேர்ச்சிக்கும் நடுவில் நிற்கும்.

நெல்லைப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. டிரினிட்டியில் 6 முதல் 8 வரை சைட் ரீடிங் கட்டாயம். இன்னொரு துணைத் தேர்வாக ஆரல் அல்லது இம்ப்ரொவைசேஷன் எடுக்கலாம். ஞாயிறுதோறும் கோயிலில் (இந்த ஊர் வழக்கில் சர்ச்சுக்கும் அதே பேர்தான்) பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசித்து, பாட்டு ஆரம்பிக்கும் முன் தானாக ஒரு முன்னிசை போட்டுப் பழகின கைக்கு இம்ப்ரொவைசேஷன் கிட்டத்தட்ட இனாம். இந்த ஊரில் அப்படிப்பட்ட கைகள் நிறைய. அதை விட்டுவிட்டு ஆரலில் போய் மாட்டிக்கொள்வானேன்?

ஏ.பி.ஆர்.எஸ்.எம்.மில் ஒரு பூட்டு இருக்கிறது: ஐந்தாம் கிரேடு தியரி முடிக்காமல் 6, 7, 8 போக முடியாது. தியரிக்குப் பதிலாக ஏற்கும் மாற்று வழிகளை இந்தப் பக்கம் யாரும் எடுப்பதில்லை. தியரித் தேர்வு 75 மதிப்பெண், 50 வந்தால் தேர்ச்சி, வீட்டுக் கணினியிலேயே எழுதலாம். பிளஸ் டூ தேர்வுக்கும் கல்லூரி திறப்புக்கும் நடுவில் கிடைக்கிற இரண்டு மாதத்தில் ஊதித் தள்ளிவிடக்கூடியதுதான். முதல் செமஸ்டருக்குத் தள்ளிப் போட்டவர்கள் இரண்டாம் வருடத்திலும் அதையே சொல்லிக்கொண்டு இருப்பார்கள். டிரினிட்டியில் இந்தப் பூட்டு இல்லை. அதற்காகத் தியரியை விட்டுவிடுவது புத்திசாலித்தனமும் இல்லை. ஃபியூக் (பல குரல்கள் ஒன்றையொன்று துரத்தும் உருப்படி) ஒன்றை மனப்பாடம் செய்யும்போது ஹார்மனி தெரியாதவர் விரலை மட்டும் நம்புகிறார். மேடையில் முதலில் கைவிடுவது விரல்தான்.

2020 முதல் ஏ.பி.ஆர்.எஸ்.எம். வீடியோ வழியாக எடுக்கும் 'பெர்ஃபாமன்ஸ் கிரேடு' வைத்திருக்கிறது. நான்கு உருப்படி, தலா 30. மொத்த வாசிப்பின் ஓட்டத்துக்கு 30. ஸ்கேல் இல்லை, சைட் ரீடிங் இல்லை. டிரினிட்டியிலும் டிஜிட்டல் கிரேடு உண்டு. சென்னைக்கு ரயில் ஏறாமல் முடிக்கலாம் என்பது நமக்குப் பெரிய வசதி.

டிப்ளமோவுக்கு வந்தால், ஏ.பி.ஆர்.எஸ்.எம்.மின் ஏ.ஆர்.எஸ்.எம். என்ற டிப்ளமோ 30 நிமிட நிகழ்ச்சி. அதில் குறைந்தது 20 நிமிடம் அவர்கள் பட்டியலில் இருந்து, மிச்சம் சொந்தத் தேர்வு. எட்டாம் கிரேடு சான்றிதழ் கட்டாயம். டிரினிட்டி ஏ.டி.சி.எல். 32 முதல் 38 நிமிடம், முந்தின கிரேடு சான்றிதழ் தேவையில்லை. கூடவே 400 முதல் 700 சொல்லுக்குள் நிகழ்ச்சிக் குறிப்பு எழுதித் தர வேண்டும். 100-ல் 90 வாசிப்புக்கு, 10 இந்தக் குறிப்புக்கும் மேடை ஒழுங்குக்கும். அந்தப் பத்தைக் கோட்டைவிடுவோர் அநேகம். இசையமைப்பாளரின் பிறந்த வருடத்தையும் ஊரையும் எழுதி ஒப்பேற்றினால் போதாது; எந்த இடத்தில் சுருதி மாறுகிறது, எந்த ராகத்துண்டு திரும்பி வருகிறது என்று, வாசிக்கிற உருப்படிக்குள் இருந்தே எழுத வேண்டும். கால அளவில் இடைவெளியும் சேரும் என்பதை மறக்க வேண்டாம். உருப்படிகளைக் கூட்டினால் 37 நிமிடம் வருகிற நிகழ்ச்சி, மேடையில் 39 ஆகிவிடும்.

எங்கள் பரிந்துரை: கிரேடு எதில் முடித்திருந்தாலும், கல்லூரியின் மூன்று வருடத்துக்கு முதலில் ஏ.ஆர்.எஸ்.எம்., நேரமும் தெம்பும் மிஞ்சினால் பிறகு ஏ.டி.சி.எல். அரை மணி நேர நிகழ்ச்சியைக் கட்டி நிறுத்தியவருக்கு இன்னும் சில நிமிடம் சேர்ப்பது அவ்வளவு கடினம் அல்ல. நேராக ஏ.டி.சி.எல். என்று உட்காருபவர்களில் பலர் நாலாவது உருப்படியை அரைகுறையாக வைத்துக்கொண்டு ஒரு வருடம் தள்ளிப்போடுவார்கள்.

61 கட்டையில் இருந்து 88 கட்டைக்கு

இந்த ஊருக்கே உரிய சிக்கல் இது. மிஷனரி ரேனியஸ் காலத்தில் இருந்து கோயில் பாட்டு கேட்டு வளர்ந்த ஊர். ஆனால் பெரும்பாலான பிள்ளைகள் தொடுவது பியானோவை அல்ல, தாளமும் பின்னிசையும் தானாகத் தரும் 61 கட்டை அரேஞ்சர் கீபோர்டை. அதில் வரும் பழக்கங்கள் மூன்று.

முதலாவது, டிரான்ஸ்போஸ் பட்டன். பாடகருக்கு எந்தச் சுருதி வேண்டுமானாலும் பட்டனை அழுத்திவிட்டு, கை சி மேஜரிலேயே ஓடும். மேல் கிரேடில் ஐந்து ஃபிளாட் உள்ள டி-ஃபிளாட் மேஜர் வந்ததும் கை திகைத்து நின்றுவிடும். கறுப்புக் கட்டையில் கட்டைவிரலைத் தவிர்த்து, வெள்ளையில் அதை உள்ளே செலுத்துவதுதான் அந்த ஸ்கேலின் சூட்சுமம். பட்டன் அதைக் கற்றுத் தராது. இரண்டாவது, இடது கை. ஆட்டோ அகம்பனிமென்டுக்கு மூன்று சுரம் சேர்த்துப் பிடித்தால் போதும் என்று இருந்த கை அது. பாக் ஃபியூக்கில் அதே கை தனியாக ஒரு குரலைப் பாட வேண்டும். மூன்றாவது, கட்டையின் எடை. கீபோர்டுக் கட்டை ஸ்பிரிங்கில் துள்ளும். பியானோக் கட்டை சுமார் ஐம்பது கிராம் எடை வைத்தால்தான் இறங்கும், பத்து மில்லிமீட்டர் ஆழம் போகும். தட்டை விரலில் வாசித்துப் பழகினவருக்கு நாலாவது, ஐந்தாவது விரலில் சத்தமே எழாது.

சரிசெய்ய ஆறு மாதம் பிடிக்கும், குறுக்கு வழி இல்லை. தினமும் பதினைந்து நிமிடம், தாளம் தட்டும் மெட்ரோனோம் 60-ல், ஒரு தட்டுக்கு ஒரு சுரம். விரல் கட்டையின் அடிவரை போய் நின்று, மணிக்கட்டு தளர்ந்ததை உணர்ந்த பிறகே அடுத்த விரல். பிழையில்லாமல் மூன்று முறை வந்தால் நாலு புள்ளி ஏற்றலாம். கோயிலில் டிரான்ஸ்போஸ் பட்டனுக்கு ஒரு துண்டு டேப் ஒட்டி மூடிவைப்பதும் நல்ல பாடம்தான். பாடகர் குழு முதல் இரண்டு வாரம் முணுமுணுக்கும்.

கருவி

கல்லூரி மாணவருக்கு டிஜிட்டல் பியானோதான் சரி. விடியற்காலை ஐந்து மணிக்கு வரிசை வீட்டில் ஹெட்ஃபோன் இல்லாமல் வாசிக்க முடியாது. 88 கட்டை, ஹேமர் ஆக்ஷன் (நிஜப் பியானோவின் எடை தரும் கட்டை), பாதி அழுத்தலையும் உணரும் அரை பெடல் வசதி: இந்த மூன்றும் இல்லாததை விலை குறைவு என்று வாங்காதீர்கள். யமஹா பி-145, ரோலண்ட் எஃப்.பி-10, கேசியோ சி.டி.பி. வரிசை ஆகியவை எட்டாம் கிரேடு வரை தாராளம். டிப்ளமோவுக்கு யமஹா பி-225, ரோலண்ட் எஃப்.பி-30எக்ஸ் மட்டத்துக்குப் போவது நல்லது. காரணம் பாலிஃபொனி, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய சுரங்களின் எண்ணிக்கை. பி-145-ல் அது 64. பெடலை மிதித்தபடி ஷோபான் வாசிக்கும்போது பழைய சுரங்கள் சத்தமில்லாமல் கழன்றுவிடும். 192, 256 உள்ளவற்றில் அந்தத் தொல்லை இல்லை.

பெட்டியோடு வரும் சதுரப் பெடல் வெறும் சுவிட்ச். ஆன், ஆஃப் இரண்டே நிலை. அரை பெடல் தரும் தனிப் பெடலை முதல் நாளே வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் காலுக்குத் தப்பான பாடம் ஏறிவிடும். எக்ஸ் ஸ்டாண்டு வேண்டாம். ஃபோர்ட்டே (பலமாக) வாசித்தால் ஆடும், முழங்காலும் இடிக்கும். கரண்ட் போனால் கவலை இல்லை, சின்ன மாடல்கள் பத்து வாட்டுக்குள்தான் எடுக்கும். இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் என்றால் ஹெட்ஃபோனில் ஓர் இரைச்சல் கேட்கலாம்.

பழைய அக்கூஸ்டிக் பியானோ விலைக்கு வருகிறது என்று யாராவது சொன்னால், மேல்மூடியைத் திறந்து பாருங்கள். சுத்தியல்களுக்கு முன்னால் செங்குத்தாகக் கம்பிகள் வரிசையாக, பறவைக்கூண்டு போல நின்றால் அது ஓவர்டாம்பர் வகை. வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு. சத்தத்தை உடனே நிறுத்தாது, பழுது பார்ப்பதும் பாடு. இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். கூண்டு இல்லை என்றால் போனில் டியூனர் ஆப் வைத்து நடு ஏ சுரத்தைத் தட்டுங்கள். 440-க்குப் பக்கத்தில் இருந்தால் மேலே பேசலாம். அரைச்சுரம் இறங்கி 415-ல் கிடந்தால், ஏற்றும்போது கம்பி அறும். ஒரு பியானோவில் இருநூற்றுக்கும் மேல் கம்பிகள், மொத்த இழுவை 15 டன்னுக்கு மேல். பிடித்து நிற்கிற மரக்கட்டை வெடித்திருந்தால் எந்த டியூனராலும் ஒன்றும் செய்ய முடியாது.

நம் ஊர்ப் பருவமும் அதைச் சும்மா விடாது. சித்திரை, வைகாசி வெயிலில் மரம் காய்ந்து சுருதி இறங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சவுண்ட்போர்டு ஊதிச் சுருதி ஏறும். கட்டைத் துளைகளில் உள்ள ஃபெல்ட் ஈரம் குடித்துக் கட்டை கீழேயே ஒட்டிக்கொள்ளும். திருச்செந்தூர், உவரிப் பக்கம் என்றால் உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிப்பதும் சேரும். மழை முடிந்து தை மாதம் ஒருமுறை, வெயில் தணிந்து ஒருமுறை, வருடத்துக்கு இரண்டு டியூனிங் கட்டாயம். டியூனர் வெளியூரில் இருந்து வர வேண்டும்; அவர் போக்குவரத்துச் செலவு டியூனிங் கூலியைத் தாண்டிவிடும். நாலு வீடு, இரண்டு கோயில் சேர்ந்து ஒரே நாளில் வரவழைத்தால் கட்டுப்படியாகும்.

எந்த டிகிரியோடு சேரும்?

கல்லூரியின் பேரைப் பார்க்காதீர்கள், டைம் டேபிளைப் பாருங்கள். இங்கே 1878-ல் தொடங்கிய தூய யோவான் கல்லூரியும் 1923-ல் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரியும் பேர் பெற்றவை. ஆனால் பியானோவுக்கு முக்கியம் வகுப்பு எத்தனை மணிக்கு முடிகிறது, வாரத்தில் எத்தனை லேப் என்பதுதான். கணிதம், ஆங்கிலம், பொருளாதாரம், பி.காம்.: லேப் இல்லை அல்லது கொஞ்சம், நன்றாகச் சேரும். இயற்பியல், வேதியியல், கம்ப்யூட்டர் சயின்ஸ்: மதியம் பறிபோகும், ரெக்கார்டு நோட்டு ராத்திரியைத் தின்னும், முடியும், ஆனால் இழுபறி. விஸ்காம் என்றால் புராஜெக்ட் கெடு வரும் வாரத்தில் பியானோ மூடியே கிடக்கும். பொறியியல் எட்டு செமஸ்டர். கல்லூரி பஸ் இறக்கிவிடும்போது பொழுது சாய்ந்திருக்கும். அதோடு சேர்த்தால் டிப்ளமோவை நாலாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும். பி.காம்.மோடு சி.ஏ.வும் படிக்கிறவர் பியானோவைப் பொழுதுபோக்காக வைத்துக்கொள்வதே நல்லது. அது ஏற்கெனவே ஓர் இரட்டைப் படிப்பு.

காலை ஷிப்ட் கிடைத்தால் விடாதீர்கள். மதியத்தோடு வகுப்பு முடிந்தால், சாப்பிட்டுவிட்டு மூன்று முதல் ஐந்தரை வரை கருவி முன்னால் உட்காரலாம். வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் இல்லாமல் டிப்ளமோ நகராது. பதினெட்டு இருந்தால் நிம்மதி. 75 சதவீத வருகைக் கணக்கையும் மனதில் வையுங்கள். ஆசிரியரிடம் வெளியூர் வகுப்புக்குப் போக வாரம் ஒரு நாள் லீவு போட்டால், ஆறு நாள் ஆர்டரில் கிட்டத்தட்ட 17 சதவீதம் அங்கேயே போயிற்று. சனி மாலை அல்லது ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகு வகுப்பை வைத்துக்கொள்வதே பிழைக்கும் வழி.

செமஸ்டர் தேர்வு நவம்பரிலும் ஏப்ரலிலும் வரும். இன்டர்னலும் சேர்த்தால் செப்டம்பர் கடைசியில் இருந்தே பியானோவுக்கு நேரம் கிடைக்காது. அதனால் டிப்ளமோவை ஆறாவது செமஸ்டருக்கு வைக்காமல், நாலாவது முடிந்த மே, ஜூனில் முடித்துவிடுவது நல்லது. மூன்றாம் வருடத்தில் மேல்படிப்பு நுழைவுத் தேர்வு, வேலைக்கான நேர்காணல் எல்லாம் ஒரே சமயத்தில் வந்து நிற்கும்.

வீடியோ எடுக்கிற நாள்

வீடியோத் தேர்வு சுலபம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். உருப்படிகள் எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில், கேமராவை நிறுத்தாமல், வெட்டி ஒட்டாமல் எடுக்க வேண்டும். கேமரா பக்கவாட்டில் நின்று முகம், கை, கட்டை மூன்றையும் காட்ட வேண்டும். மூன்றாவது உருப்படியில் பிழை வந்தால் முதலில் இருந்து. ஆறாவது டேக்கில் கை களைத்து, முதல் டேக்கைவிட மோசமாக முடிவதுதான் வழக்கம். ஒரு நாளைக்கு மூன்று டேக். அதற்கு மேல் மறுநாள்.

பிறகு சத்தம். ஃபேன் ஓடினால் மைக்கில் விழும், நிறுத்தினால் மே மாதத்தில் விரல் வியர்த்து வழுக்கும். அறையை முதலில் குளிரவைத்து, ஃபேனை நிறுத்தி, கட்டையைத் துணியால் துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள். சித்திரையில் இருந்து ஆடி வரை கிராமத்துப் பக்கம் சாமி கோயில்களில் கொடைத் திருவிழா. விடிய விடிய ஒலிபெருக்கி. டிசம்பரில் கேரல் சுற்று. ஆனியில் டவுனில் தேரோட்டம். கெடுத் தேதிக்கு முந்தின வாரம் ஊரில் எந்தக் கொடை என்று விசாரித்துவிட்டுத் தேதி குறியுங்கள். போனின் உள் மைக், பியானோ சத்தத்தைத் தானாக ஏற்றி இறக்கி, பியானிஸ்ஸிமோவையும் ஃபோர்ட்டேயையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஆட்டோ கெயினை நிறுத்தக்கூடிய ரெக்கார்டிங் ஆப்பும் வெளி மைக்கும் வைத்துக்கொண்டால், நீங்கள் வாசித்த ஏற்ற இறக்கம் தேர்வாளர் காதுக்குப் போகும். பதிவு செய்யும் முன், உங்கள் தேர்வுக்கு டிஜிட்டல் பியானோ ஏற்கப்படுமா என்பதையும் வாரியத்தின் விதிப்புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். டிப்ளமோ விதியும் கிரேடு விதியும் ஒன்று அல்ல.

கை

லேப் ரெக்கார்டு எழுதி, லேப்டாப்பில் தட்டி, அதன்மேல் மூன்று மணி நேரம் பியானோ என்றால் ஒரே தசைநாரில்தான் எல்லாம் விழுகிறது. முன்கையில் எரிச்சல், சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போதல் வந்தால், "கை ஊறுகிறது" என்று எண்ணெய் தேய்த்துவிட்டுத் தொடராதீர்கள். இரண்டு நாள் நிறுத்தி, குறையாவிட்டால் டாக்டரிடம் போங்கள். தடுப்பதற்கு 25 நிமிடம் வாசிப்பு, 5 நிமிடம் எழுந்து நடை. ஆக்டேவ் பயிற்சி நாளுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நாற்காலியின் உயரம், முழங்கை கட்டை மட்டத்துக்கு வரும்படி. வீட்டுப் பிளாஸ்டிக் சேர் பெரும்பாலும் தாழ்வு. தலையணை போட்டால் அமுங்கும், மடித்த சமுக்காளம் மேல்.

இந்தச் சான்றிதழ் மேற்கொண்டு எங்கே எடுபடும்? இங்கிலாந்துப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் 6 முதல் 8 வரையான கிரேடுகளுக்கு, அங்கே கல்லூரிச் சேர்க்கையைக் கவனிக்கும் யூகேஸ் அமைப்பின் புள்ளி உண்டு. எட்டாம் கிரேடு டிஸ்டிங்ஷனுக்கு 30. அமெரிக்கக் கன்சர்வேட்டரிகள் சான்றிதழைப் பெரிதாகப் பார்ப்பதில்லை, வாசிப்பைத்தான் பார்க்கும். பாக் பிரெலூட்-ஃபியூக் ஒன்று, ஹைடன், மோட்சார்ட் அல்லது பீத்தோவன் சொனாட்டா, ரொமான்டிக் காலத்து உருப்படி, அதற்குப் பிந்தைய ஒன்று, பல இடங்களில் எடியூடும் (விரல் திறமை காட்டும் உருப்படி), எல்லாம் மனப்பாடம். ஏ.டி.சி.எல். நிகழ்ச்சியையே இந்த வார்ப்பில் கட்டிவிட்டால் ஒரே உழைப்பு இரண்டுக்கும் ஆகும். சென்னையில் கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரி 2008-ல் இருந்து நடக்கிறது. அங்கே முழுநேரமாகச் சேர்ந்து, இக்னோ அல்லது தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ., பி.காம். தொலைநிலையில் படிப்பது, இதையே தலைகீழாகச் செய்யும் வழி. சேம்பர் வாசிப்பும் பக்கவாசிப்பும் வேண்டும் என்கிறவருக்கு அது மேல். வீட்டுச் சாப்பாடும் வாடகையில்லாத அறையும் வேண்டும் என்கிறவருக்குப் பாளையங்கோட்டை.

இங்கேயே இருப்பவர், காணாமல் போன அந்த நடுப்பகுதியைக் கொஞ்சமாவது ஒட்டவைக்கப் பார்க்க வேண்டும். கோயில் பாடகர் குழுவில் நான்கு குரல் பாட்டுக்குத் தாளைப் பார்த்து வாசிக்கும் பொறுப்பை வாங்கிக்கொள்ளுங்கள், மூன்று சுரம் சேர்த்துப் பிடிக்கும் கார்டோடு (chord) நின்றுவிடாமல். வயலின் கற்கும் ஒருவரோடு மாதம் ஒரு சொனாட்டா அசைவு. டிப்ளமோவுக்கு முன்னால் குறைந்தது மூன்று முறையாவது முழு நிகழ்ச்சியை ஆட்களை உட்காரவைத்து வாசியுங்கள். பாரிஷ் ஹால், பள்ளி ஹால், எதுவானாலும்.

நேரில் தேர்வு கொடுக்கச் சென்னை மையம் கிடைத்தால், முந்தின ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறித் தேர்வன்று காலை எழும்பூரில் இறங்காதீர்கள். பெர்த்தில் உறங்காத கை காலை பத்து மணிக்கு ஃபியூக் வாசிக்காது. முந்தின நாள் காலை வந்தே பாரத்தில் போனால் மதியமே இறங்கிவிடலாம். அன்று மாலை ஒரு மணி நேரம் எங்காவது அக்கூஸ்டிக் பியானோ வாடகைக்கு எடுத்து, பெடலையும் சுண்டுவிரலையும் மட்டும் சரிபார்த்தால் போதும். வீட்டு டிஜிட்டலைவிட அதன் பெடல் ஆழமாக இறங்கும். மேடையில் போய் அதைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.